தேய்மானக் கணக்கு

இது ஒரு கடன் கோப்பில் தொடங்குகிறது. இலக்கியப் பத்திரிகையில் கடன் கோப்புக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு வேறு வழியில்லை. நான் பார்க்கும் உத்யோகம் அது. ஓசூர் நகராட்சி மாநகராட்சியான 2019ஆம் வருஷம் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. சிப்காட் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் மனமகிழ் மன்றக் கட்டடத்தை ஒருவர் நிலத்தோடு வாங்கியிருந்தார். அதைப் 'புதுப்பித்து விரிவாக்கி' ஏசி மண்டபமாக்கக் கடன் கேட்டிருந்தார். பட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. மதிப்பீட்டாளர் தன் அறிக்கையில் மனைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். கட்டடத்துக்கு ஒரே வரி: ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வயது 34, எஞ்சிய மதிப்பு கணக்கில் கொள்ளத் தக்கதல்ல. சரிபார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பினேன்.

அந்தக் கட்டடத்தில்தான் 2012இலிருந்து நாங்கள் பதினொரு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கவிதை வாசித்துக்கொண்டிருந்தோம். கோப்பு எங்கும் இந்தத் தகவல் இல்லை. இருக்க வேண்டிய இடம் எதுவும் அந்தப் படிவத்தில் கிடையாது.

கட்டடம் அழகானது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் பொய். சித்திரை வெயிலில் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சிமெண்ட் தூண்கள், இரண்டு பக்கமும் ஜன்னலுக்குப் பதில் சிமெண்ட் ஜாலி, ஒன்றரை அடி உயர மேடை, திரை கிடையாது. ஒரே விசேஷம் கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடிய தாழ்வாரம். ஜாலிக்கு வெளியே நின்றாலே உள்ளே நடப்பது முழுக்கக் கேட்கும், பாதி தெரியும். தொழிற்சாலை ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் அங்கே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி நாடகம் போட்டதாகக் காவல்காரர் சொல்வார். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிபன் கேரியரோடு தாழ்வாரத்தில் நின்று ஒரு காட்சி பார்த்துவிட்டுப் போவார்களாம். எங்கள் கவிதை வாசிப்பையும் அப்படி நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் வரமாட்டார்கள். உள்ளே வருவது ஒரு சம்மதம் தெரிவிப்பு. தாழ்வாரத்தில் நிற்பதற்குச் சம்மதம் தேவையில்லை. கேட்டது பிடிக்காவிட்டால் யாரையும் அவமதிக்காமல் நடந்துவிடலாம். நவீன கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நமது பக்கத்தில் 'பாரம்பரியக் கட்டடம்' என்று பேச்செடுத்தால் உடனே எல்லோரும் கெனில்வொர்த் கோட்டைக்குப் போய்விடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்துக் கோட்டை ஒன்றின் பெயரில் ஓசூரில் எழுப்பிக்கொண்ட மாளிகை அது. சிதிலமாகிப் போனது. அதைப்பற்றிக் கண்ணீர் விடாத உள்ளூர் மலர் கிடையாது. ஒரு கலெக்டரின் ஊர் ஏக்கம் நமது கலாசார ஏக்கமாக எப்படி மாறியது என்று கேட்பாரில்லை. பாழடைந்தது என்பதே அதன் தகுதி போலும். அதே கண்ணீரில் ஒரு சொட்டைக்கூட சிமெண்ட்டுக்குச் செலவழிக்க யாரும் தயாரில்லை. சிமெண்ட் நமது காலத்தது. நமது காலத்தில் கட்டியது எதுவும் கலையாக இருக்க முடியாது என்பதில் நமக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. புதுக்கவிதையைப் பற்றியும் பண்டிதர்கள் இதையேதான் சொன்னார்கள்.

இந்த ஒப்புமையை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சி.சு.செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் வந்தது. சென்னை எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டதும், யாழ்ப்பாணம் பொது நூலகம் திறக்கப்பட்டதும் அதே வருஷம். 1961இல் தாகூர் நூற்றாண்டை ஒட்டி மத்திய அரசு மாநிலங்களுக்கு உதவி செய்து ஊர் ஊராக அரங்கங்கள் கட்டவைத்தது. ஹைதராபாத், பங்களூர், சண்டிகர், திருவனந்தபுரம் என்று அவை எழும்பின. 'புதுக்குரல்கள்' தொகுப்பு 1962. நமது கவிதையும் இந்தக் கட்டடங்களும் ஒரே தலைமுறை, ஒரே ஜாதகம். அலங்காரத்தை உதறியதும், பழைய யாப்பில்லாமல் நிற்க முடியும் என்று காட்ட முயன்றதும், அதில் பாதி நேரம் தடுமாறியதும் இரண்டுக்கும் பொது.

இனி அறுபதுக்கு வருகிறேன். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் அறுபது ஆண்டு என்று வைத்துத்தான் மதிப்பீட்டாளர்கள் வழக்கமாகத் தேய்மானம் போடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொரு வருஷமும் ஒரு துண்டு கழியும். அறுபதில் கட்டடம் காகிதத்தில் செத்துப்போகும். இடிபாட்டுச் சாமான் விலை மட்டும் மிஞ்சும். இது கணக்கு, இதில் துவேஷம் ஒன்றுமில்லை. ஆனால் தில்லியில் நடந்ததைப் பாருங்கள். பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ், ராஜ் ரேவல் வடிவமைத்தது, பொறியாளர் மகேந்திர ராஜ். சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972இல் நடந்த ஆசியக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட முப்பரிமாணச் சட்டகத்தை மற்ற நாடுகளில் இரும்பில் செய்வார்கள். நம்மிடம் அன்று அவ்வளவு இரும்புக்கு வசதியில்லை; கூலியாட்களைக் கொண்டு கையால் கான்கிரீட் வார்த்துச் செய்தார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த ஒரு வடிவம். 2017 ஏப்ரலில் ஓர் இரவோடு இரவாக அதை இடித்தார்கள். காப்பாற்றச் சொல்லிப் போனவர்களுக்குக் கிடைத்த பதில், அறுபது ஆண்டு ஆகாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலுக்கு வர முடியாது என்பது. அப்போது அதற்கு வயது 45.

ஆக, கணக்குப் புத்தகம் ஒரு கட்டடத்தை அறுபதில் சாகடிக்கிறது. பாரம்பரியக் குழு அதை அறுபதில்தான் பிறக்க அனுமதிக்கிறது. இடைப்பட்ட காலம் முழுக்க அது அநாதை. மதிப்பு வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும், அதன் அடியிலுள்ள மண்ணின் விலை ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் புல்டோசர் வந்து நிற்கிறது. தில்லி மண்டபம் இடிபடுவதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2016 ஜூலையில், சண்டிகரில் லெ கொர்பூசியே கட்டிய கேபிடல் வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நமது அரசாங்கமும் அதில் பெருமைப்பட்டது. வெளிநாட்டுக்காரர் கட்டியது என்றால் சிமெண்ட்டும் பாரம்பரியம் ஆகலாம் என்று இதற்குப் பொருள் சொல்லிவிடலாம்தான். அது கொஞ்சம் மலிவான கேலி. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்டபக் கோப்பு என் மேசையைக் கடந்துபோன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களூர் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. நாற்பது கிலோமீட்டர்தான் என்பது வரைபடத்துக்குத் தெரியும், பஸ்ஸுக்குத் தெரியாது. ஓசூர்க்காரனுக்கு நாடகம், ஓவியம் எல்லாம் அடுத்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. சென்னை முந்நூறு கிலோமீட்டர். இதில் எனக்கு வெட்கமில்லை. 'படிகள்' பங்களூரிலிருந்துதான் வந்தது என்பது இதைப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும்.

ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்ரா. தாகூர் நூற்றாண்டு அரங்குகளில் ஒன்று, 1963இல் திறக்கப்பட்டது. கட்டட ரீதியில் நான் அதை மேதைமை என்று சொல்லமாட்டேன். சர்க்கார்க் கட்டடத்தின் விறைப்பு அதில் உண்டு. பெரிய மேடை, பெரிய கூடம், சட்டத்துக்குள் படம்போல நடிகர்களைப் பார்க்கும் ஏற்பாடு. ஆனால் 1972இல் ஒரு காரியம் நடந்தது. பி.வி.காரந்த் அந்த வருஷம் மூன்று நாடகங்களை அரங்குக்குள் போடாமல் அதன் பின்புறத்து வெட்டவெளியில் போட்டார். லங்கேஷ் கன்னடத்தில் தந்த 'ஈடிபஸ்', லங்கேஷ் எழுதிய 'சங்கிராந்தி', சந்திரசேகர கம்பாரின் 'ஜோகுமாரஸ்வாமி'. நவீன கன்னட நாடகத்தின் சரித்திரமே அந்த மூன்று நாடகங்களில் திரும்பியது என்பார்கள். அந்தப் பின்புறம் இன்று சம்ஸ பயலு ரங்கமந்திரம் என்ற திறந்தவெளி அரங்கு. சம்ஸ, பழைய கன்னட நாடகாசிரியர் ஒருவரின் புனைபெயர். பயலு என்றால் வெட்டவெளி. நமது வயலின் உடன்பிறப்பு. கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

விரிவாக்கம் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. யாரும் சுவரை இடிக்கவில்லை. கட்டடத்துக்கு எது எட்டவில்லையோ அதை நாடகக்காரர்கள் அதன் முதுகுக்குப் பின்னால் போய்ச் செய்தார்கள். பிற்பாடு அரசாங்கம் அந்த இடத்தை அங்கீகரித்துப் பெயர் வைத்தது. முதலில் உபயோகம், அப்புறம் கட்டுமானம். நமது புதுப்பிப்புத் திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் கண்ணாடியும் கிரானைட்டும், அப்புறம் அதற்கு ஏற்ற ஜனங்களைத் தேடுவது.

நமக்கு இது தெரியாத வித்தையுமல்ல. ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கருவறை சிறியதாகவே இருந்தது. ஒவ்வொரு காலமும் வெளியே ஒரு பிராகாரம் சேர்த்துக்கொண்டது. கோபுரங்கள் வெளியே போகப் போக உயர்ந்தன. தெற்கு ராஜகோபுரம் மொட்டையாகவே சில நூற்றாண்டுகள் நின்று 1987இல்தான் முடிந்தது. எதைத் தொடக்கூடாது, எங்கே சேர்க்கலாம் என்பதில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவும் இப்போது போய்விட்டது என்பது வேறு கதை. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சிற்பங்களின் மூக்கைத் தேய்த்த காலத்தையும் பார்த்தோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நவீன அரங்கத்தின் கருவறை எது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அது முகப்புத்தான் என்று நினைத்துவிடுகிறோம். அதனால் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே குடலை உருவி எடுப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிறோம்.

இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாக எழுந்தது கஸ்தூர்பா ரோட்டில், வெங்கடப்பா ஓவியக் கூடத்தின் விஷயத்தில். கே.வெங்கடப்பா 1886இல் பிறந்து 1965இல் இறந்தவர். மைசூர் அரண்மனைக்கு வேலை செய்த குடும்பம். மகாராஜாவின் உதவியில் கல்கத்தா போய் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தார். நந்தலால் போஸின் சகமாணவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீணை வாசித்தார், யாரோடும் ஒத்துப்போகவில்லை, கடைசியில் மைசூர் சமஸ்தானத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தங்கி அவர் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. தமிழர்கள் யாரும் அவற்றைப்பற்றி எழுதி நான் படித்ததில்லை. நீலகிரி மூடுபனியை ஒரு கணக்கப்பிள்ளையின் கவனத்தோடு வரைந்திருக்கிறார். மனிதர்கள் அநேகமாக இல்லை. குளிர்ச்சியான ஓவியங்கள், எனக்கு அவற்றின் மீது பிரியம் என்பதைவிட மரியாதை என்றே சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளை என்பதை நான் வசையாகச் சொல்லவில்லை, தொழில் தோழமையில் சொல்கிறேன்.

அவர் இறந்த பிறகு 1967இல் அஸ்திவாரம் போட்டு எழுபதுகளின் நடுவில் திறந்த கட்டடம். பக்கத்திலேயே 1877இல் கட்டிய செக்கச்சிவந்த அரசு அருங்காட்சியகம். சுற்றுலாக்காரர்கள் அதன்முன் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கூடத்தின்முன் ஒருவரும் நிற்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கூடத்துக்கு ஒரு தனித்தன்மை. நிரந்தர ஓவியங்கள் போக மீதி அறைகளைக் குறைந்த வாடகைக்கு எந்த ஓவியனும் எடுக்கலாம். ஏஜெண்ட் வேண்டாம், தனியார் காலரியின் தயவு வேண்டாம். பங்களூரின் பல ஓவியர்களுக்கு முதல் கண்காட்சி அங்கேதான். கப்பன் பார்க்கில் நடக்க வந்தவன் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி உள்ளே வந்துவிடலாம். எங்கள் மண்டபத்துத் தாழ்வாரத்தின் பெரிய அண்ணன் அது.

2015இல் கர்நாடக அரசு தஸ்வீர் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டது. இந்தக் கூடத்தைத் தனியார் தத்தெடுத்துப் புதுப்பித்து உலகத் தரத்தில் விரிவாக்குவது என்பது யோசனை. 2016 மார்ச்சில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கட்டடத்தின் முன்னால் திரண்டார்கள். பாடினார்கள், வரைந்தார்கள், நடித்தார்கள். அந்த ஒப்பந்தம் நிறைவேறவில்லை. நான் அப்போது கிருஷ்ணகிரிக் கிளையில் இருந்தேன். போகவில்லை. பேப்பரில் படித்துவிட்டு டீக்கடையில் வீராவேசமாகப் பேசினேன். 'தத்தெடுப்பு' என்ற சொல்லே ஆபாசம், அநாதையாக்கியவனே தத்துக்கொடுக்கிறான் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க கடைசியா அங்க போனது எப்போ?" ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தப்பித்துக்கொள்ள வெங்கடப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

இந்த விவகாரத்தில் என் அபிப்பிராயம் இன்றும் போராடியவர்கள் பக்கம்தான், ஆனால் அன்றிருந்த சுலபம் இல்லை. பராமரிப்புப் போதவில்லை என்பதை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. கல்கோயிலைப்போல அல்ல கான்கிரீட். மொட்டைத்தளத்தில் நீர் தேங்கினால் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும், மேல்பூச்சைத் தள்ளும். வெளியே தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். சர்க்கார் அரங்கத்துக்கு அப்படி ஒரு விதி கிடையாது. யாராவது அமைச்சர் வரும்போது வெள்ளையடிப்பார்கள். இந்நிலையில் பணத்தோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்துவது எந்த நியாயத்தில் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

என் பதிலைக் காலமே சொல்லிவிட்டது என்று படுகிறது. அந்த முயற்சியின் பின்னாலிருந்த சேகரிப்பாளர் அதே கஸ்தூர்பா ரோட்டில் சொந்தமாக ஒரு அருங்காட்சியகத்தைக் கட்டினார். 2023 பிப்ரவரியில் திறந்தது. வடிவமைத்தவர்கள் மேத்யூ அண்ட் கோஷ். வெளிச்சுவர் முழுக்க எஃகுத் தகடு. நம் ஊர்ப் பழைய தண்ணீர்த் தொட்டிகளில் இருக்குமே குறுக்குப் புடைப்பு, அந்த வடிவம். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல கட்டடம், அக்கறையாகத் தொகுத்த சேகரம். எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்வதில் எந்தக் கொள்கையும் கெட்டுவிடாது. ஒருவர் தேர்ந்தெடுத்ததை எல்லோரும் பார்க்கும் இடம் அது. வெங்கடப்பா கூடம் யாரும் தேர்ந்தெடுக்காதவன் வந்து ஆணியடித்துப் படம் மாட்டும் இடம். நகரத்துக்கு இரண்டும் வேண்டும். முதலாவதற்குப் பணமுள்ளவர்கள் எப்போதும் கிடைப்பார்கள். இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிட்டால் இன்னொரு இரண்டாவதைக் கட்ட யார் முன்வரப் போகிறார்கள்? 2016இல் அந்த வாசலில் நின்றவர்களால் ஊருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கிடைத்தது. கருவறை என்று நான் மேலே சொன்னது இதைத்தான். அந்தக் கூடத்தின் கருவறை அதன் வாடகைச் சீட்டு.

ஒரு பாரம்பரியக் குழு இதைக் கேட்டால் சிரிக்கும். வாடகை எப்படிப் பாரம்பரியம் ஆகும்? ஆனால் சென்னையைப் பாருங்கள். வாலாஜா ரோட்டில் பாலர் அரங்கம் என்று குழந்தைகளுக்காக இருந்தது, பிறகு என்.எஸ்.கிருஷ்ணன் பெயரில் கலைவாணர் அரங்கமானது, பின்னர் புதிய தலைமைச் செயலகத் திட்டத்துக்காக இடிந்தது. 2016இல் அங்கே பல மாடிகளோடு புதிய கலைவாணர் அரங்கம் திறந்தார்கள். பெயர் காப்பாற்றப்பட்டது, இடம் காப்பாற்றப்பட்டது, பரப்பளவு பெருகியது. பாதுகாப்பு, விரிவாக்கம் என்ற இரண்டு சொல்லுக்கும் காகிதத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொரோனா சமயத்தில், 2020 செப்டம்பரில், சட்டமன்றமே அங்கே கூடியது. ஒரு சட்டமன்றம் சௌகரியமாக உட்காரக்கூடிய இடத்தை நாற்பது பேர் வரக்கூடிய நாடகத்துக்கு எடுக்க எந்தக் குழுவால் முடியும்?

யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லாமல் ஒரு தமிழன் இந்த விஷயத்தை எழுத முடியாது. சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. 1981 மே கடைசி இரவில் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். பிற்பாடு பழைய உருவத்திலேயே, வெள்ளை வெளேரென்று, திரும்ப எழுப்பினார்கள். 2003இல் திறப்பு விழா வைத்தபோது எதிர்ப்பு வந்து நின்றுபோயிற்று. அதற்கடுத்த வருஷம்தான் வாசகர்கள் உள்ளே போனார்கள். எரிந்த சுவரை அப்படியே விட வேண்டும், வெள்ளையடித்தால் குற்றமும் மறைந்துவிடும் என்றவர்கள் இருந்தார்கள். படிக்க இடம் வேண்டும் என்று சொன்ன மாணவனுக்கு அந்த வாதம் என்ன பதில் சொல்லும்? இரண்டு பக்கமும் சரி என்று எனக்குப் படுகிற ஒரே இடம் இது. புதுப்பித்தல் என்பது சில சமயம் மறதியின் நாகரிகமான பெயர். ஆனால் அங்கே கருவறை சுவரா, வாசிப்பா என்ற கேள்விக்கு வாசகர்களே காலால் நடந்து பதில் சொன்னார்கள்.

ஓசூருக்குத் திரும்புகிறேன். 2011 கணக்கில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேர். இப்போது இருப்பது எவ்வளவு என்பது வாடகை வீடு தேடுகிறவர்களுக்குத் தெரியும். எண்பதுகளில் மொபெட்டும் லாரியும் கடிகாரமும் செய்யத் தொடங்கிய ஊர். 2024இல் சர்வதேச விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தாயிற்று. இந்த ஊரில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்று பங்களூர் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு வெங்கடப்பா கூடம் இருக்கிறது, போராட ஒரு வாசல் இருக்கிறது. எங்களிடம் இருப்பவை தொழிற்சாலைக் குடியிருப்புகளின் மனமகிழ் மன்றங்கள், தொழிற்சங்க அலுவலக மாடிகள், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைகள். கட்டடக் கலைஞரின் பெயர் எதிலும் பொறித்திருக்காது. மூன்று பாஷை பேசும் ஜனங்கள் ஷிப்டு முடிந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள எழுபது எண்பதுகளின் தொழில்மயம் கை தவறி விட்டுப்போன இடங்கள் இவை. நவீனம் என்று எங்கள் ஊரில் ஏதாவது உண்டென்றால் அது இங்கேதான் நடந்தது. ஒவ்வொன்றாக என்னைப்போன்ற யாரோ ஒருவரின் மேசை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் கோப்பை நான் நிறுத்தியிருக்க முடியுமா? முடியாது. குமாஸ்தாவின் சுருக்கொப்பத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் மண்டபத்தை வாங்கியவர் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில், "அந்தத் தாழ்வாரத்தை மட்டும் விட்டுடுங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவரில்லை. ஒருவேளை கேட்டிருப்பார். சொல்லத் தோன்றவில்லை எனக்கு. கட்டடத்தின் மதிப்பு பூஜ்யம் என்ற வரியை என் கையால் சரிபார்த்துவிட்டு, அதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கவிதை வாசிக்கிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் கூச்சமும் சேர்ந்துகொண்டது.

புதிய மண்டபத்தில் மேடை நாலடி. முன்பக்கம் கண்ணாடி, ஒரே வாசல், வாசலில் செக்யூரிட்டி. தாழ்வாரம் இருந்த பக்கம் சுவரை நகர்த்திக் கூடத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள். அந்த அகலத்துக்குக் கோப்பில் 'விரிவாக்கம்' என்று பெயர். அரை நாள் வாடகை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. எங்கள் பதினொரு பேரில் மூன்று பேர் இடம் மாறிப் போனார்கள், ஒருவர் இறந்துவிட்டார். மிச்சமிருப்பவர்கள் சில மாதம் ஒரு மெஸ்ஸின் மாடியில் கூடினோம். பாத்திரம் கழுவும் சத்தத்தில் நிறுத்திவிட்டோம்.

சென்ற ஆடியில் உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாத்தான் கிடக்கும். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை. "எடுத்துக்குங்க சார், வாடகை வேண்டாம். ஏசி மட்டும் போடமாட்டேன், கரண்ட் பில் தாங்காது" என்றார். ஏழு பேர் போனோம். ஏசி இல்லாமல் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. ஜன்னல் திறக்கிற ஜாதியே இல்லை. காவல்காரர் அதே பழைய ஆள். பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஜெனரேட்டர் அறையை ஒட்டி, இடிக்க விட்டுப்போனதோ என்னவோ, பழைய தாழ்வாரத்தில் ஒரு பத்தடி மிஞ்சியிருந்தது, ஒரு வரிசை ஜாலியோடு. அங்கே படியில் உட்கார்ந்து வாசித்தோம். மூன்றாவது கவிதையின்போது பக்கத்துக் கம்பெனியின் கூலியாட்கள் இரண்டு பேர் பீடி பற்றவைக்க வந்து நின்றார்கள். ஒருவர் ஒடியாக்காரர் என்று நினைக்கிறேன், தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. பீடி முடிகிறவரை நின்றுவிட்டுப் போனார்.